பிரதிவாதி ஆஜரில்லை

சிங்காநல்லூர் சென்னகேசவன் யாரையும் திட்டாத மனிதர் என்று சொன்னால் அது பொய். முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்தியவர். பில் பணம் தராமல் இழுத்தடிக்கும் பம்புசெட்டுக்காரர்களைத் தெலுங்கில் திட்டுவார். கேட்பவனுக்குப் புரியாமல் திட்டினால் பாவம் கம்மி என்பது அவர் எண்ணம். ஆனால் ஒருத்தர் மேலாவது கோர்ட்டுக்குப் போகலாம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

வயசாகிப் பட்டறையை மூடியபோது மிஷின்களை விற்று ஆறு லட்சம் ரூபாய் வந்தது. அதை மனைவி ராமாமணியின் இரண்டு முழங்கால்களுக்கும் ஆபரேஷன் செய்ய எடுத்துவைத்திருந்தார். அந்த வாரம்தான் பொள்ளாச்சியிலிருந்து தம்பிதுரை வந்து சேர்ந்தார். கொப்பரை வியாபாரி. அவருடைய களத்து மிஷின்களுக்கெல்லாம் உருளை கடைந்து கொடுத்தது சென்னகேசவன்தான். இருபது வருஷப் பழக்கம். கொப்பரை விலை விழுந்து சரக்கு தேங்கிக் கிடக்கிறது, ஆறே மாசத்தில் திருப்பிவிடுகிறேன் என்றார். கேட்கும்போது அவர் கண் கலங்கியதை ராமாமணிதான் முதலில் பார்த்தாள். முழங்கால் எங்கேயும் ஓடிப்போய்விடாது, கொடுங்கள் என்றாள். தம்பிதுரை ஆறு மாசம் தள்ளித் தேதி போட்ட செக் ஒன்றைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஆறு மாசம் கழித்து பேங்கில் போட்ட செக், கணக்கில் பணமில்லை என்ற சீட்டோடு திரும்பி வந்தது. போனில் தம்பிதுரை ரொம்பவும் வருத்தப்பட்டார். பத்து நாள் பொறுத்து மறுபடியும் போடச் சொன்னார். போட்டார். திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றார். பொறுத்தார். அந்தப் பொறுமையில் செக்கே காலாவதியாகிப் போனது.

அதற்கப்புறம்தான் வக்கீல் கிருபாசங்கரைப் பார்த்தார். செக் திரும்பிய ஒரு மாசத்துக்குள் நோட்டீஸ் கொடுத்திருந்தால் கிரிமினல் கேஸ் போட்டிருக்கலாம், இப்போது நாள் தாண்டிவிட்டது என்றார் வக்கீல். சென்னகேசவன் முகம் வாடியதைப் பார்த்து ஆறுதலும் சொன்னார்.

"அந்தக் கதவு சாத்திப்போச்சுங்க. ஆனா சிவில் கதவு இருக்குதல்லோ, அது எப்பவும் தொறந்தேதான் இருக்கும். உள்ள போறதுக்கு."

கேஸ் போனது கூடுதல் தற்காலிக உரிமையியல் நீதிமன்றத்துக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னால் தற்காலிகமாக ஏற்படுத்தியது. பழைய கட்டடத்தின் கோடியில், ஜன்னல் இல்லாத நீள வராந்தாவைத் தாண்டி இருந்தது. வராந்தா முழுக்க பெஞ்சுகள். பெஞ்சுகள் முழுக்க ஆட்கள். பகலிலும் டியூப்லைட் எரிந்ததால் எல்லா முகமும் ஒரே நிறமாகத் தெரிந்தது. புதிதாக வந்த சென்னகேசவனுக்கு எல்லாரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அந்த மரியாதை அவருக்கு என்னவோ போலிருந்தது. ஆஸ்பத்திரியில் புது நோயாளிக்குக் கட்டில் ஒதுக்குகிற மாதிரி இருந்தது.

போன பணத்தை மீட்க முதலில் பணம் கட்ட வேண்டியிருந்தது. கோர்ட் கட்டணத்தைக் கட்டினார். பிராது, ஓரத்தில் இடம் போதவில்லை என்று திரும்பி வந்தது. இடம் விட்டுக் கொடுத்தார்கள். பின்கோடு இல்லை என்று வந்தது. பின்கோடு எழுதினார்கள். முன்பு ஏன் திரும்பியது என்பதற்கு விளக்கம் இல்லை என்று வந்தது. சிரஸ்தார் பழனாத்தாள் அதைக் கையில் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். அந்த ஆபீஸின் கேஸ் கட்டுகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. சாந்தமான அம்மாள், நெற்றி நிறையத் திருநீறு.

செக்கை ஒப்படைக்கிறபோது, இது பத்திரமாக இருக்குமா என்று அவரிடம் கேட்டுவிட்டார் சென்னகேசவன்.

"இந்த ஆபீசுல ஒரு கட்டு தொலைஞ்சதா யாரும் சொல்ல முடியாதுங்க" என்றார் பழனாத்தாள். "கிடைக்காமப் போயிருக்கு. அது வேற."

சம்மன் கொண்டுபோக அமீனா தமிழ்ச்செல்வன் வந்தார். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் வாதியுடையது. பலமுறை பொள்ளாச்சிக்குப் போனார். ஒவ்வொரு முறையும் கதவு பூட்டியிருந்ததாக எழுதிக் கொடுத்தார். கடைசியாகப் போனபோது தம்பிதுரை வீட்டில் வாழை இலை போட்டுக் கறிச்சோறு சாப்பிட்டார் என்று தெரிந்ததும் சென்னகேசவன் பொறுக்க முடியாமல் நேரிலேயே கேட்டார். தமிழ்ச்செல்வன் மறைக்கவில்லை. ஏப்பத்தை அடக்கிக்கொண்டு விளக்கம் சொன்னார்.

"அவுரு கொல்லைப்பக்கம் இருந்தாருங்க. அந்தம்மா அந்தப் பக்கமாத்தான் கூப்புட்டுச் சோறு போட்டுச்சு. முன்கதவு பூட்டித்தானுங்க இருந்துச்சு. சம்மன் முன்கதவுக்குத்தானுங்க."

பிறகு பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்கள். அதற்கும் வாதி செலவு. அன்று காலையிலேயே தம்பிதுரையிடமிருந்து போன் வந்தது. விளம்பரத்தைப் பார்த்தேன், ஊர்ப் பேரில் எழுத்துப் பிழை இருக்கிறது, சரி பண்ணச் சொல்லுங்கள் என்றார்.

அடுத்த வாய்தாவுக்கு அவரே வந்தார். வக்கீல் மூலமாகப் பதிலும் தாக்கல் செய்தார். அதில் இந்த வாதி யாரென்றே தெரியாது என்று இருந்தது. தெரிந்தாலும் கடன் வாங்கவில்லை. செக்கில் இருப்பது தன் கையெழுத்தில்லை. தன் கையெழுத்தாகவே இருந்தால் அது திருடுபோன செக். திருடுபோகாத பட்சத்தில், பணத்தை எப்போதோ திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. படித்துக் காட்டிய கிருபாசங்கர், நல்ல டிராப்டிங் என்று தலையாட்டினார்.

வராந்தாவில் தம்பிதுரை ஒரு டீயை வாங்கி வந்து சென்னகேசவன் கையில் கொடுத்துவிட்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மாடிப்படி ஏற முடியவில்லை, கட்டிலைக் கீழே இறக்கிவிட்டோம் என்றார் சென்னகேசவன். தம்பிதுரை குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பேப்பர்ல இருக்கறதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கண்ணா. அப்பிடி எழுதுனாத்தான் எடுத்துக்குவாங்களாமா."

சாட்சிக் கூண்டில் ஏறியது சென்னகேசவன்தான். கடன் வாங்கியவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கொடுத்தவரிடம் ஒரு பகல் முழுக்கக் கேட்டார்கள். கொடுக்க அவரிடம் பணம் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? மிஷின் விற்ற ரசீது எங்கே? மிஷினை வாங்கியவன் ஏன் ரொக்கமாகத் தந்தான்? ஆதாரில் கேசவன், பேங்கில் கேசவலு, பிராதில் சென்னகேசவன். இதில் யார் வந்திருப்பது? முழங்காலுக்கு என்று வைத்திருந்த பணத்தை யாராவது கடனாகக் கொடுப்பார்களா? கொடுத்தால் அவர் மனைவிமேல் அக்கறை இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளலாமா? சென்னகேசவன் எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னார். சொல்லச் சொல்ல அது நம்புகிற மாதிரி இல்லை என்று அவருக்கே பட்டது. வீட்டுக்குப் போய் ராமாமணியிடம், நாம் அந்தப் பணத்தைக் கொடுத்தது வாஸ்தவம்தானே என்று கேட்டார். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வருஷங்கள் போயின. நீதிபதிகள் வந்தார்கள், கட்டைப் புரட்டினார்கள், மாற்றலாகிப் போனார்கள். புது நீதிபதி வருகிறபோதெல்லாம் கேஸ் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தது. சென்னகேசவன் அந்த வராந்தாவுக்குப் பழகிவிட்டார். எந்த பெஞ்சுக்கு மேல் ஃபேன் ஓடும் என்று தெரிந்துகொண்டார். எதிர் பெஞ்சில் உட்காரும் கோபிச்செட்டிபாளையத்துப் பெரியவர் ஒருத்தர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். அடுத்த வாய்தாவுக்கு அவர் மகன் அதே இடத்தில் அதே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டவாலி அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். மகன் எழுந்து போனான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருநாள் தீர்ப்பு வந்தது. சென்னகேசவன் ஜெயித்துவிட்டார். ஆறு லட்சமும் வட்டியும் செலவும் தர வேண்டும் என்று உத்தரவு. அவர் லட்டு வாங்கிக்கொண்டு வக்கீல் ஆபீசுக்குப் போனார். கிருபாசங்கர் ஒரு லட்டை எடுத்துக்கொண்டு, இனிமேல்தான் வேலையே இருக்கிறது என்றார். தீர்ப்பு என்பது பணம் கிடைக்க வேண்டும் என்ற கோர்ட்டின் அபிப்பிராயம். அதை நிறைவேற்ற வேறொரு மனு போடவேண்டும். அதற்கு வேறு நம்பர்.

ஜப்திக்குப் போன அமீனா, வீடும் தோப்பும் மனைவி நாச்சியம்மாள் பேரில் இருக்கிறது, பிரதிவாதிக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் மட்டும் இருக்கிறது, அதிலும் செயின் இல்லை என்று எழுதிக்கொண்டு வந்தார். அடுத்தது கைது. பிரதிவாதியைச் சிவில் சிறையில் வைக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் நாளுக்கெல்லாம் அவருடைய சாப்பாட்டுச் செலவை வாதிதான் முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டத் தவறினால் விட்டுவிடுவார்கள். சென்னகேசவன் இரண்டு தடவை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். தன் பணத்தைத் தராதவருக்குத் தானே சோறு போட வேண்டும்.

"அவருக்குச் சர்க்கரை இருக்குதுங்க" என்றார் கிருபாசங்கர். "சப்பாத்திக்குத் தனியாக் கேப்பாங்க. சேர்த்தே கட்டிப்போடுங்க."

கட்டினார். ராமாமணியின் வளையல் ஒன்று அதற்குப் போனது.

பிடி உத்தரவு வரப்போகிறது என்று தெரிந்ததும் தம்பிதுரை ஒருநாள் காலையில் சிங்காநல்லூர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். கையில் துணிப்பை. நாச்சியம்மாள் தோப்பில் ஒரு பகுதியை விற்றுவிட்டாள், ஆறு லட்சம் முழுசாக இருக்கிறது, வட்டியை மட்டும் மன்னித்துவிடுங்கள் என்றார். ராமாமணி கட்டிலிலிருந்தே காப்பி போடச் சொன்னாள். சென்னகேசவன் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியவர், எதற்கும் இருக்கட்டும் என்று வக்கீலுக்குப் போன் போட்டார்.

அதுதான் அவர் செய்த தப்பு. வெளியில் வாங்கினால் அது வாங்கியதாகாது என்றார் கிருபாசங்கர். கோர்ட்டில் பதியாத பணம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. பிடி உத்தரவு அதுபாட்டுக்கு நடக்கும். தம்பிதுரைக்கும் பயம் வந்துவிட்டது. பணத்தையும் கொடுத்துவிட்டு ஜெயிலுக்கும் போவதா, கோர்ட்டிலேயே கட்டிவிடலாம் என்றார். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். வழியில் தம்பிதுரை கொப்பரை விலை ஏறிவிட்டதைச் சொன்னார். சென்னகேசவனுக்கு ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசாக இருந்தது.

பழனாத்தாள் இரண்டு பேரையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்படி யாரும் வந்ததில்லை போலிருக்கிறது. பணத்தை அப்படியே வாங்க முடியாது என்றார். சலான் வேண்டும். சலான் புத்தகம் தீர்ந்துவிட்டது. தீர்ந்ததற்குக் கடிதம் போட்டிருக்கிறது. அது ஒருபுறமிருக்க, பணம் கட்ட அனுமதி கேட்டு பிரதிவாதி மனுப் போட வேண்டும். வாதிக்கு அதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் சென்னகேசவன்.

"அதை வாயில சொன்னா ஆகாதுங்க. ஆட்சேபணை இல்லைங்கறதை எதிர்மனுவாப் போடோணும். எதிர்மனுவுக்கு ஒரு வாய்தா குடுக்கோணும்."

இன்றைக்கே கேஸ் பட்டியலில் இருக்கிறது, கூப்பிடும்போது நீதிபதியிடம் நேரில் சொல்லிப் பாருங்கள் என்று அவர்தான் வழியும் சொன்னார். நல்ல மனசு. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாததால் சாப்பிடப் போகவில்லை. மத்தியானம் தாண்டியது. தம்பிதுரைக்கு வேர்த்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு, சென்னகேசவன் தோளில் லேசாகச் சாய்ந்து, கண்ணை மூடினார். தூங்கட்டும் என்று சென்னகேசவன் அசையாமல் இருந்தார். அப்புறம் மெதுவாகச் சுவரில் சாய்த்துவிட்டு, வெளியே போய் ஒரு பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு வந்தார்.

வரும்போது டவாலி தம்பிதுரையின் பெயரை மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பிதுரை நீட்டியிருந்த கால்களைத் தாண்டிக்கொண்டுதான் நடந்தார். சென்னகேசவன் டீயோடு ஓடி உள்ளே போய், பிரதிவாதி வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்றார். நீதிபதி தலை நிமிராமல் வரச் சொன்னார். சென்னகேசவன் திரும்பி ஓடினார். தோளைத் தொட்டார். கன்னத்தைத் தொட்டார். டீ கைமேல் கொட்டியது அவருக்குத் தெரியவில்லை. மறுபடி உள்ளே வந்து நின்றார்.

"அவரு வரமாட்டாருங்கய்யா" என்றார்.

அதற்குமேல் அவர் சொல்வதற்குள் நீதிபதி கட்டைப் புரட்டிவிட்டார். நீதிபதி சொல்லச் சொல்ல, பெஞ்ச் கிளார்க் எழுதிக்கொண்டார். பிரதிவாதி ஆஜரில்லை. நீதிமன்ற வளாகத்தில் இருந்தும், வாதியே நேரில் அழைத்தும், வர மறுத்துவிட்டார். பிடி உத்தரவு பிறப்பிக்கப்படுகிறது. அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

போலீஸ் வந்து உடலை எடுத்துக்கொண்டு போனது. மடியிலிருந்த பணத்தை, இறந்தவரிடம் இருந்த சொத்து என்று எழுதி, அதே கோர்ட்டில் ஒப்படைத்தார்கள். அதை வாங்க சலான் தேவைப்படவில்லை. பழனாத்தாள் எண்ணி, சீல் வைத்து, இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

பொள்ளாச்சிக்குச் சென்னகேசவன் துக்கத்துக்குப் போனார். பாடையைத் தூக்குகிற நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தமிழ்ச்செல்வன் பிடி உத்தரவோடு இறங்கினார். சாவு வீடு என்று பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு, ஓரமாக நின்றார். சடங்கு முடிந்ததும் பந்தல் காலில் ஒரு நகலை ஒட்டினார். இந்த முறை கதவு திறந்திருந்தது, ஆளும் கண்ணுக்குத் தெரிந்தார், நான் அப்படித்தான் எழுத வேண்டும் என்று சென்னகேசவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

நாச்சியம்மாள் அதைப் பார்த்தாள். எழுந்து வந்தாள். எல்லாரும் அவள் கத்துவாள் என்று நினைத்தார்கள். அவள் கத்தவில்லை.

"அண்ணா, அவரு உங்களுக்குக் குடுக்கோணும்னுதானுங்க எடுத்துட்டு வந்தாரு. இன்னும் அவரு மேல என்னங்க பாக்கி?"

சென்னகேசவன் கை கூப்பினார். நிறுத்திவிடுகிறேன் அம்மணி என்றார். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டில் ராமாமணியிடம் சொன்னபோது அவள் போர்வையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு, சரி என்றாள்.

மறுநாளே வாபஸ் வாங்கப் போனார். கிருபாசங்கர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். செத்தவர் மேல் இருக்கிற கேஸை வாபஸ் வாங்க முடியாது. முதலில் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். சேர்த்தபிறகு அவர்கள் மேல் இருப்பதைத்தான் வாபஸ் வாங்கலாம். சேர்க்க வேண்டுமானால் அவர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும். மகன் தனபால் துபாயில் இருக்கிறான். நோட்டீஸ் தூதரகம் வழியாகப் போகும்.

நாச்சியம்மாளின் பெயர் பிரதிவாதியாக ஏறியது. அவளும் மாசாமாசம் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பீரோவுக்குள் இருக்கிற பணம் யாருக்கு என்று தனியாக ஒரு கேஸ் முளைத்தது. அதில் அவள் வாதி, சென்னகேசவன் பிரதிவாதி. ஒருவருக்கொருவர் சம்மன் அனுப்பிக்கொண்டார்கள். இவர் வீட்டிலும் கதவு பூட்டியிருந்ததாக ஒருமுறை எழுதப்பட்டது. ராமாமணியால் எழுந்துபோய்த் திறக்க முடியவில்லை.

கடைசியில் சென்னகேசவன் வக்கீலைக் கேட்காமல் தானே நீதிபதி முன்னால் போய் நின்று, எனக்கு ஒன்றும் வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்றார். இப்போது வந்திருந்த நீதிபதி இளவயசுக்காரர், பண்பானவர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை அன்போடு பார்த்தார்.

"பெரியவரே, நீங்கள் ஜெயித்தவர். தோற்றவருக்கு மேல்கோர்ட் என்று ஒரு வழி இருக்கிறது. ஜெயித்தவருக்கு இந்த ஒரு இடம்தான். இங்கே நியாயம் கேட்டு வந்த ஒருவரையும் இந்த நீதிமன்றம் பாதியில் கைவிட்டதில்லை. உங்களையும் விடாது."

கோர்ட்டில் சிலர் தலையாட்டினார்கள். வாதியின் வயதையும் தளர்ச்சியையும் கருத்தில் கொண்டு, வழக்கு தடைபடாமலிருக்க, அவருடைய வாரிசு விவரத்தை முன்கூட்டியே தாக்கல் செய்யும்படி நீதிபதி உத்தரவிட்டார். கருணையான உத்தரவு என்று கிருபாசங்கர் வெளியே வந்து சொன்னார்.

பழனாத்தாள் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். ஒவ்வொரு பெயராகக் கேட்டு அவரே எழுதிக்கொண்டார். மனைவி ராமாமணி. மகள் சாய்ப்ரியா, கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டார். போன வாரம்தான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சென்னகேசவன் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவர் பேனா ஓடுவதைப் பார்த்தார்.

அதை எதற்கு அம்மணி எழுதுகிறீர்கள், அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை என்றார்.

பழனாத்தாள் நிமிராமல் எழுதி முடித்தார்.

"பேரு அப்பறமா வெச்சுக்கலாமுங்க. நம்பர் போட்டாச்சு."